மதாம் பெரஷோன் போட்ட நாற்காலி

டெல்பினா அந்தக் கட்டடத்தில் கடை போட்டு நான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்த நான்கு வருஷத்தில் மதாம் பெரஷோன் ஒரு தடவைகூடக் கடைக்குள் கால் வைத்ததில்லை. அவள் அந்தக் கட்டடத்தின் வாசல்காரி; இருந்தது பத்தடி தள்ளி, வாசலறையில். ஐந்து மாடி, பதினெட்டுக் குடித்தனம். எல்லோருடைய தபாலும் அவள் கையில், தெருக்கதவின் சாவி அவள் இடுப்பில். யார் எப்போது வந்தார்கள், யார் எப்போது போனார்கள், படியில் கிடக்கும் சேறு யாருடைய செருப்பில் வந்தது, அத்தனையும் அவளுக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் ஓர் இத்தாலிக்காரி மக்ரோனியும் எண்ணெயும் கருவாடும் விற்க வந்ததை அவள் தன் உடம்புக்கு வந்த வியாதி மாதிரி எடுத்துக்கொண்டாள்.

சண்டைக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. கருவாடு ஊறவைத்த தண்ணீரை டெல்பினா முற்றத்துச் சாக்கடையில் ஊற்றுவாள். உடனே வாசலறை ஜன்னல் திறக்கும்.

"ஏ மக்ரோனி, மூணாம் மாடியில மனுஷங்கதான் மூச்சு விடறாங்க, தெரியுமா?"

"தெரியும் மதாம். உங்க பூனை ரெண்டு துண்டு கருவாடு தூக்கிட்டுப் போச்சே, அது தெரியுமா?"

"என் பூனை கண்டதையும் தின்னாது."

"அது மீசையை ஒரு தடவை மோந்து பாருங்க."

ஜன்னல் படாரென்று மூடும். மறுநாள் மறுபடி திறக்கும். டெல்பினாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது, மதாம் பெரஷோனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. டெல்பினாவின் பிரெஞ்சில் வட இத்தாலியின் பியமோந்தே மலைக்கிராமத்து வாடை போகவே இல்லை. இந்த ஊர்க்காரர்கள் முழுங்கிவிடும் எழுத்தையெல்லாம் அவள் நீட்டிச் சொல்வாள். வாயைத் திறந்தால் போதும், எங்கிருந்து வந்தவள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதற்காக அவள் வெட்கப்பட்டதில்லை. லியோன் நகரத்தில், ரோன் ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் அந்தப் பேட்டையில் தெருவுக்கு நாலு இத்தாலிக்காரர்கள் இருந்தார்கள்.

அந்த வருஷம், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலில், ஊரில் பெரிய பொருட்காட்சி நடந்தது. டெல்பினாவின் புருஷன் பத்திஸ்தா சுதை வேலைக்காரன். பூங்காவில் எழுப்பிய ஒரு மண்டபத்தின் முகப்பில் பூமாலையும் பழக்கொத்துமாகச் சுதையில் செய்தவர்களில் அவனும் ஒருவன். ஜூன் இருபத்து நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பொருட்காட்சியைப் பார்க்கப் பாரிஸிலிருந்து ஜனாதிபதி வந்தார். அன்றைக்கே புனித யோவானின் திருநாள், அந்தப் புனிதரின் பெயரை வைத்திருந்த பத்திஸ்தாவின் பெயர்நாள். இரண்டையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும் என்று அவன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இருவரும் கூட்டத்தில் நின்று ஜனாதிபதியின் வண்டியைப் பார்த்தார்கள். கறுத்த தாடி, விறைப்பான முதுகு, நல்ல மனுஷர் மாதிரித்தான் இருந்தார். அவர் தொப்பியைத் தூக்கியபோது பத்திஸ்தா டெல்பினாவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினான்.

"பார்த்தியா, பார்த்தியா, நேரா என் திராட்சைக் கொத்தைத்தான் பார்த்தாரு."

"வெயில் கண்ணுல பட்டிருக்கும்."

"உனக்கு ஒண்ணுமே பெருமை இல்ல, டெல்பினா."

வீட்டுக்கு வந்து ஒரு புட்டி மது குடித்தார்கள், பன்றி இறைச்சி தின்றார்கள், பத்திஸ்தா இரண்டு பாட்டுப் பாடினான். விடிவதற்கு முன் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் எட்டு மணிக்கே படுத்தார்கள். ஊர் முழுக்க விழித்துக் கிடந்த அந்த இரவில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் நன்றாகத் தூங்கினார்கள்.

திங்கட்கிழமை காலை நாலரைக்கு பத்திஸ்தா போய்விட்டான். ஆறு மணிக்கு டெல்பினா கடைப் பலகைகளை எடுத்தாள். பால்காரி பாலை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள். ரொட்டி வாங்கப் போனபோது அங்கே நின்ற ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். டெல்பினா காலை வணக்கம் சொன்னாள். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. நேற்றுப் பத்திஸ்தா பாடின பாட்டு அத்தனை மோசமா என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

ஏழு மணி இருக்கும். கடை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மதாம் பெரஷோன். நான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் கடைக்குள் நிற்கிறாள்.

"இன்னைக்கு நான் தண்ணியே ஊத்தல மதாம்," என்றாள் டெல்பினா.

"பலகையைப் போடு. கடையை மூடு."

"எதுக்கு?"

"உனக்குத் தெரியவே தெரியாதா?" மதாம் பெரஷோன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஜனாதிபதி செத்துட்டாரு. நேத்து ராத்திரி வண்டியில போயிட்டிருந்தப்ப ஒருத்தன் ஏறிக் குத்திட்டான். நடுராத்திரிக்கு மேல உயிர் போயிடுச்சாம்."

டெல்பினா சிலுவை போட்டுக்கொண்டாள். "யாரு குத்தினது?"

"உங்க ஆளு."

"எங்க ஆளா? பத்திஸ்தா வீட்லதானே தூங்கினான்."

"அட கழுதை, உன் புருஷன்னு யாரு சொன்னா? இத்தாலிக்காரன். இருபது வயசுப் பய, எங்கேயோ ரொட்டி சுட்டுட்டிருந்தவனாம். நேத்து ராத்திரியே அக்கரையில இத்தாலிக்காரன் காப்பிக் கடையை நொறுக்கிட்டாங்க. இப்பப் பாலத்துக்கிட்ட முடிதிருத்தறவன் கடையில நாற்காலி, கண்ணாடி எல்லாம் தெருவுல கிடந்து எரியுது. இந்தப் பக்கமும் வருவாங்க."

டெல்பினாவுக்கு ஒரே ஒரு நினைப்புதான். பத்திஸ்தா பூங்காவில் இருக்கிறான். அங்கே இருநூறு வேலையாட்கள் இருப்பார்கள். அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. யாரைப் பார்த்தாலும் பேசுவான், அதுவும் அவளைவிடக் கொச்சையாக. அவள் இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கதவை நோக்கி ஓடினாள்.

மதாம் பெரஷோன் குறுக்கே நின்றாள். குட்டையான உருவம், ஆனால் அகலம். அவளைச் சுற்றிக்கொண்டு போக இடமில்லை.

"எங்க போற?"

"அவன்கிட்ட."

"ரெண்டு மைல் தூரம். வழியில யாராச்சும் ஏதாச்சும் கேப்பாங்க. நீ வாயைத் தொறப்பே. அப்புறம் உன் புருஷன் உன்னைத் தேடிக்கிட்டு ஆத்துல இறங்கணும். பேசாம இரு. அந்தத் தடியனுக்குக் கால் இருக்கு, ஓடி வருவான்."

அதற்குப் பிறகு நடந்ததை டெல்பினா வெகுகாலம் வரை ஒழுங்காக நினைத்துப் பார்க்க முடியாமல் இருந்தாள். இரண்டு பேருமாகக் கடைப் பலகைகளைப் போட்டார்கள். ஒரு பலகை உடைந்துபோயிருந்ததால் ஒரு ஜன்னலில் கண்ணாடி அப்படியே தெரிந்தது. மேலே 'இத்தாலிய உணவுப் பொருள்கள்' என்ற பெயர்ப்பலகையைக் கழற்றப் பார்த்தார்கள். பத்திஸ்தா அடித்த ஆணி, அசையவில்லை. மதாம் பெரஷோன் வாசலறைக்குப் போய்த் தன் கறுப்புப் பாவாடையை எடுத்து வந்தாள். புருஷன் செத்தபோது தைத்தது, நல்ல கம்பளித் துணி. அதைக் கத்தரியால் குறுக்கே வெட்டினாள்.

"மதாம், வேண்டாம்."

"ஏணியைப் பிடி."

பெயர்ப்பலகை முழுவதையும் மூடி அந்தக் கறுப்புத் துணியை அடித்தாள். தெருவிலிருந்து பார்த்தால் ஜனாதிபதிக்காகத் துக்கம் காக்கிற வீடு மாதிரி இருந்தது. அப்புறம் வாசலறைச் சுவரில் மாட்டியிருந்த தம்பியின் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் பிரஷ்யாக்காரர்களோடு நடந்த சண்டையில், பனிக்காலத்தில், லியோன் படையில் போய்ச் செத்தவன். பட்டாளச் சட்டை கொஞ்சம் பெரிதாக, காது இரண்டும் வெளியே தெரிய நிற்பான். அந்தப் படத்தை டெல்பினாவின் ஜன்னலில், பாலாடைக்கட்டி வைக்கிற பளிங்குப் பலகையின் மேல், ஒரு சின்ன மூவர்ணக் கொடியோடு வைத்தாள்.

"நீ என் அறைக்குப் போ. கட்டிலுக்குத் திரை இருக்கு. பின்னால உட்காரு. பூனை கத்தினாக்கூட நீ கத்தாதே."

பிறகு வாசலறையிலிருந்து ஒரு வைக்கோல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்கதவுக்கு முன்னால், ஜன்னலை ஒட்டிப் போட்டு, மடியில் ஒரு கூடைப் பட்டாணியோடு உட்கார்ந்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் வந்தது. டெல்பினா திரைக்குப் பின்னால் இருந்தாள். வாசலறையின் இன்னொரு ஜன்னல் தெருவைப் பார்த்தது, திரைத்துணியின் ஓரத்து இடுக்கில் கொஞ்சம் தெரிந்தது. முதலில் பாட்டுச் சத்தம், பிறகு காலடிச் சத்தம். அறுபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் முகம் அவளுக்குத் தெரிந்த முகம். அதுதான் அவளை உலுக்கியது. தெரியாத ஆட்கள் என்றால் பயப்பட்டுவிட்டுப் போகலாம். இவர்களில் ஒருவன் பெனுவா, அடுத்த சந்தில் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவன். முழங்கை வரைக்கும் நீலம் ஏறிய கைகள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, ருசி பார்க்க ஒரு துண்டு, வாங்க ஒரு துண்டு என்று பாலாடைக்கட்டி வாங்குவான்.

"இது அந்த மக்ரோனிக்காரங்க கடைதானே?" என்றான் முன்னால் நின்ற ஒருவன். அவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது.

"இருந்துச்சு," என்றாள் மதாம் பெரஷோன். பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை. "விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. மூட்டையைக் கட்டிக்கிட்டு."

"எங்க?"

"என்கிட்ட சொல்லிட்டுப் போற அளவுக்கு நாங்க சிநேகிதம் இல்ல. தெருவைக் கேளு, நானும் அவளும் எவ்வளவு ஒட்டுன்னு சொல்லும்."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சண்டைகள் தெரு முழுக்கப் பிரசித்தம்.

"சரக்கு இருக்குமே. நகரு, உடைக்கணும்."

"எதை உடைக்கணும்? பலகை வீட்டுக்காரருது. கதவு வீட்டுக்காரருது. மேல இருக்கறது ஜனாதிபதிக்குப் போட்ட துக்கத் துணி. ஜன்னல்ல இருக்கறது என் தம்பி. அவன் எங்க செத்தான்னு உங்கப்பனைக் கேளு, அவரும் அங்க போயிருந்தா சொல்லுவாரு. இதுல எதை முதல்ல உடைக்கப் போறே?"

கம்பிக்காரன் ஜன்னலைப் பார்த்தான். காது தெரிய நிற்கும் அந்தப் பட்டாளத்துக்காரனும் அவனைப் பார்த்தான். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

பெனுவா மெதுவாகச் சொன்னான், "உள்ளே நாலு சக்கரம் சீஸ் இருக்கு. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியாமலா? அதுல ஒரு சக்கரம் ருசி பார்த்தே தீத்தவனாச்சே நீ."

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். பெனுவாவின் முகம் சிவந்தது. கம்பி கொஞ்சம் தாழ்ந்தது. திரைக்குப் பின்னால் டெல்பினா, போய்விடுவார்கள், போய்விடுவார்கள் என்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அப்போது கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து, பேச்சு எதுவும் காதில் விழாத ஒருவன், ஒரு கல்லை விட்டெறிந்தான். அது ஜன்னலில் பட்டது. கண்ணாடி சில்லுச் சில்லாகத் தெறித்தது. மதாம் பெரஷோன் கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். பட்டாணிக் கூடை உருண்டது. விரல்களுக்கு நடுவே இரத்தம் வந்தது.

பேசாமல் இரு என்று சொன்னதெல்லாம் டெல்பினாவுக்கு மறந்துபோயிற்று. திரையை விலக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தாள். நாற்காலியின் முன் மண்டியிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுது கத்தினாள். அவள் கத்தியது பிரெஞ்சில் இல்லை. "அம்மா, கண்ணைக் காட்டுங்க, கையை எடுங்க, அம்மா, கண்ணைக் காட்டுங்க" என்று தன் மலைக்கிராமத்துப் பேச்சில் திரும்பத் திரும்பக் கத்தினாள்.

"இவ யாரு?" என்று கம்பிக்காரன் கேட்டான். அவன் இந்தத் தெருக்காரன் இல்லை. "இவ என்ன பாஷை பேசறா?"

டெல்பினா தலையைத் தூக்கினாள். எதிரே பெனுவா. அவன் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. நான்கு வருஷத்துச் சனிக்கிழமைகளும் அவன் முகத்தில் தெரிந்தன.

"சவோய்," என்றான் பெனுவா. தொண்டையைச் செருமிக்கொண்டான். "சவோய் மலைக்காரி. எல்லையோரம், ஆனா நம்ம பிரான்சுதான். அங்க இப்படித்தான் பேசுவாங்க. என் பெண்டாட்டியோட ஆத்தாகூட இப்படித்தான்."

"நிச்சயமாவா?"

"நான் என்ன, பாஷைக்கு வாத்தியாரா? சவோய்னு சொன்னேன். வழியை விடு, கிழவிக்குக் கண்ணுல இரத்தம் கொட்டுது, உனக்கு இலக்கணம் வேணுமா?"

தெருக்காரர்களில் குறைந்தது இருபது பேருக்கு டெல்பினா யாரென்று தெரியும். அந்த இருபது பேரும் வாயைத் திறக்கவில்லை. தொப்பி கழற்றிய கிழவர் எல்லோருக்கும் முன்னால் திரும்பி நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். போகிறபோது யாரோ ஒரு பெண் சிதறிய பட்டாணியில் ஒரு கைப்பிடி பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

பெனுவா தன் பட்டறையின் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தான். மதாம் பெரஷோனை அதில் உட்கார வைத்து, பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாலத்தின் மேல் ஒரே கூட்டம். கொடிகள் அரைக்கம்பத்தில் தொங்கின, தெருமுனைகளில் குதிரைப்படை நின்றது. மதாம் பெரஷோன் ஈரத்துணியைக் கண்ணில் அழுத்திக்கொண்டு வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். சாலையைப் போட்ட நகரசபையை, வண்டிச் சக்கரத்தை, பெனுவாவை. டெல்பினாவையும் திட்டினாள். "திரைக்குப் பின்னால உட்காருன்னா உட்காரத் தெரியாதா? கழுதை."

ஆஸ்பத்திரியில் ஒரு கன்னிகாஸ்திரீ பெயர் எழுதிக்கொண்டாள்.

"கூட வந்திருக்கறது யாரு?"

"என் தங்கச்சி மக," என்றாள் மதாம் பெரஷோன். "சவோய்ல இருந்து வந்திருக்கா."

கன்னிகாஸ்திரீ டெல்பினாவைப் பார்த்து, "எத்தனை நாளா லியோன்ல இருக்கேம்மா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நாலு வருஷம், சிஸ்டர்," என்றாள் டெல்பினா. மூன்றே வார்த்தை. அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. கன்னிகாஸ்திரீயின் பேனா ஒரு நிமிஷம் நின்றது.

"சவோய் பெரிய ஊர்தான்," என்று சொல்லிவிட்டு அவள் எழுதி முடித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் சூப்பு கொண்டுவந்து டெல்பினாவின் கையில் வைத்தாள். "குடி. ஆறிடும்."

டாக்டர் கண்ணாடிச் சில்லை எடுத்தார். கண் பிழைக்குமா என்று பத்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பியபோது கடைக்கதவுக்கு முன்னால், அந்த வைக்கோல் நாற்காலியில், நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். மீசை இல்லாத வெளுத்த மேலுதடு. டெல்பினா பயந்து நின்றாள். அவன் எழுந்து கையை விரித்தபோதுதான் அது பத்திஸ்தா என்று தெரிந்தது.

அவனைக் காப்பாற்றியவன் அந்தெல்ம், அவனோடு ஒரே சாரத்தில் வேலை செய்யும் பிரெஞ்சுக்காரன். காலையில் செய்தி வந்ததும் மேஸ்திரி இத்தாலிக்காரர்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார். வாசலில் தடியோடு ஆட்கள் நின்றார்கள். அந்தெல்ம் பத்திஸ்தாவைச் சாந்துத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப்போய், பதினொரு மணி வரை ஒளித்துவைத்து, சுதை செதுக்கும் கத்தியாலேயே மீசையை வழித்து, தன் நீலச் சட்டையை மாட்டிவிட்டான்.

"'இப்பல இருந்து நீ ஊமை. உன் வாயில இருந்து ஒரு எழுத்து வந்துச்சு, நானே உன்னை அடிச்சுக் கொன்னுடுவேன்'னு சொன்னான்," என்றான் பத்திஸ்தா. "ரெண்டு மைல் தூரத்தை ஆறு மணி நேரம் சுத்திச் சுத்தி நடந்தோம், டெல்பினா. ஆறு மணி நேரம். வழியில ஒருத்தன் என்னைப் பார்த்து, 'பாவம், பிறவி ஊமையா'ன்னு கேட்டான். அதுக்குக்கூட என்னால பதில் சொல்ல முடியல."

அதற்குப் பிறகு அவன் இரவுச் சாப்பாடு முடியும் வரை நிறுத்தாமல் பேசினான். டெல்பினா அவனைப் பேசவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தெல்ம் என்ற மனுஷனை அவள் அதுவரை கண்டதே இல்லை. அவனுக்கு அம்மா இருப்பாளா, அவள் எப்படிப்பட்டவள் என்று யோசித்தாள்.

அந்த வாரம் ஸ்டேஷனில் இத்தாலிக்குப் போகிற வண்டியெல்லாம் நிரம்பி வழிந்தது. மெத்தையும் சட்டியுமாகக் குடும்பங்கள் நடைமேடையில் கிடந்தன. அந்தப் பேட்டையிலிருந்து பாதிப் பேர் போய்விட்டார்கள். பத்திஸ்தாவுக்கு வேலை இல்லை. ஊரிலிருந்து அவன் அண்ணன், உடனே கிளம்பி வா என்று எழுதினான்.

"போங்க," என்றாள் மதாம் பெரஷோன். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. "போனா எனக்கு முற்றமாச்சும் சுத்தமா இருக்கும்."

"உங்க கண்ணு தெரியற வரைக்கும் போகமாட்டேன்."

"நீ இருந்தா அது தெரிஞ்சிடுமா? நீ என்ன, கண்ணைக் காக்கற புனித லூசியாவா?"

டெல்பினா போகவில்லை. காலையில் எழுந்து ஐந்து மாடிப் படியையும் கழுவினாள், தபாலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், ஒருநாள் விட்டு ஒருநாள் மதாம் பெரஷோனைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தெருவில் சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போதெல்லாம் கிழவி அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே உரக்க, "மெதுவா நட, மக்ரோனி, எனக்கு என்ன ரெக்கையா இருக்கு" என்பாள்.

பத்தாம் நாள் டாக்டர், அந்தக் கண் இனி பார்க்காது என்றார். திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் டெல்பினாவால் நடக்க முடியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்காகத்தானே," என்றாள். "இதுக்கு நான் என்ன செய்வேன், மதாம்? என் ஆயுசு பூரா செஞ்சாலும் தீராதே. சண்டைக்காரி நான். எதுக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்தீங்க?"

மதாம் பெரஷோன் ஆற்றைப் பார்த்தாள். பதில் சொல்ல யோசிக்கிற மாதிரித் தெரியவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று சலித்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

"நான் வாசல் பார்க்கறவ. யாரு நீ, எதுக்கு வந்தே, யாரைப் பார்க்கணும்னு கேக்கறதுதான் என் வேலை. முப்பது வருஷமா கேக்கறேன். அன்னைக்கும் கேட்டேன். கல்லை எறிஞ்சவன் பதில் சொல்லாம எறிஞ்சுட்டான்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்புறம், சண்டைக்காரின்னா என்ன? நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்? மூணாம் மாடிக்காரியோடயா? அவ ரெண்டு வார்த்தைக்கே அழுதுடுவா."

டெல்பினா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சிரித்ததும் இன்னும் அழுகை வந்தது. கிழவி தன் முக்காட்டின் நுனியைக் கொடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

ஜனாதிபதிக்காகக் கோயிலில் பெரிய பூசை வைத்தபோது டெல்பினா கடைசி வரிசையில் போய் மண்டியிட்டிருந்தாள். அந்த மனுஷரின் மனைவியை நினைத்துக்கொண்டாள். குத்திய பையனின் தாயையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லி நன்றி செலுத்தினாள். அந்தெல்ம். பெயர் தெரியாத கன்னிகாஸ்திரீ. தொப்பி கழற்றிய கிழவர். பட்டாணி பொறுக்கிப் போட்ட பெண். வாயைத் திறக்காத இருபது பேர். பெனுவாவின் பெயரிடம் வந்தபோது கொஞ்சம் தயங்கினாள். பிறகு அதையும் சொன்னாள்.

பெனுவா ஜூலை கடைசியில்தான் வந்தான். கடை திறந்த முதல் சனிக்கிழமை. உள்ளே வராமல் எதிர்ச்சுவரோரம் நின்றான். டெல்பினா அவளாகவே வெளியே வந்தாள்.

"கல்லு நான் போடல," என்றான்.

"தெரியும்."

"ஆனா நானும்தான் வந்தேன். சீஸ் இருக்குன்னு நான்தான் சொன்னேன்."

"அதுவும் தெரியும். திரைக்குப் பின்னால கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவன் நீலக் கைகளைச் சட்டைப்பையில் நுழைத்துக்கொண்டான். "அப்ப ஏன் சவோய்னு சொன்னேன்னு எனக்கே தெரியல. வாயில வந்துடுச்சு."

"வந்துச்சே, அது போதும்," என்றாள் டெல்பினா. "உள்ளே வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

இலையுதிர்காலத்தில் அந்தெல்மின் மைத்துனன் பக்கத்து ஊரில் ஒரு நாடகக் கொட்டகைக்குச் சுதை வேலை எடுத்தான். பத்திஸ்தாவுக்கும் அதில் இடம் கிடைத்தது. மீசை முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்தது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை காலை, டெல்பினா மதாம் பெரஷோனைக் கண்ணாடிக் கண் செய்கிறவரிடம் கூட்டிப்போனாள். ஆற்றுக்கு அக்கரையில், மூன்றாவது மாடியில், ஒல்லியான ஒரு மனுஷர். தட்டையான இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து மேஜையில் வைத்தார். பஞ்சின் மேல் வரிசை வரிசையாகக் கண்கள். நீலம், சாம்பல், பச்சை, பழுப்பு.

"அந்த நீலத்தைக் குடுங்க," என்றாள் மதாம் பெரஷோன். "சின்ன வயசுல இருந்தே ஆசை."

"இன்னொரு கண்ணோட பொருந்தணும், மதாம்."

"பொருந்தினா யாரு பார்க்கப் போறா?"

அவர் சிரித்துவிட்டு டெல்பினா பக்கம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க. எனக்கு வயசாச்சு, இந்த மேகமூட்டத்துல பழுப்புல வித்தியாசம் தெரிய மாட்டேங்குது. ஜன்னல் பக்கம் உட்கார வச்சு, நல்லாப் பார்த்து, எதுன்னு சொல்லுங்க."

டெல்பினா கிழவியை ஜன்னலோரம் உட்காரவைத்து எதிரில் குனிந்தாள். நான்கு வருஷம் எதிரும் புதிருமாக நின்று கத்தியிருக்கிறார்கள். அந்தக் கண்ணின் நிறம் என்ன என்று அவள் கவனித்ததே இல்லை. பழுப்புதான். ஆனால் ஓரத்தில் ஒரு பச்சை வளையம் இருந்தது, கண்பாவையைச் சுற்றி மஞ்சளாகப் பொடிப்பொடியாக ஏதோ தூவியிருந்தது. அவள் ஒவ்வொரு கண்ணாக எடுத்துக் கிழவியின் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தாள். இது இல்லை. இது ரொம்பக் கறுப்பு. இது பரவாயில்லை, ஆனால் பச்சை இல்லை. வேறு தட்டு கேட்டாள். அவர் எடுத்துக்கொடுத்தார்.

"எவ்வளவு நேரம்டீ பார்ப்பே?" என்றாள் மதாம் பெரஷோன். அவள் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது, வெளிச்சத்தினால் இருக்கலாம். "மீன் வாங்கற மாதிரிப் பார்க்கறியே."

"அசையாதீங்க," என்றாள் டெல்பினா. "இன்னும் ரெண்டு தட்டு இருக்கு."